கப்பா, கிராமா? சமையல் அளவுகளை மாற்றும்போது எழும் கேள்விகள்

சமையல் குறிப்பு கப்பில் சொல்லும், வீட்டில் தராசு இருக்கும். அல்லது குறிப்பு கிராமில் சொல்லும், கையில் கப் மட்டும் இருக்கும். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பல வருடங்களாக என்னிடம் கேட்டவை இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் திரும்பச் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் கப் என்றால் 240 மில்லி கப்.

1. ஒரு கப்னா எத்தனை கிராம்? சுத்தி வளைக்காம ஒரே நம்பர் சொல்லுங்க.

ஒரே எண் கிடையாது. கப் அளப்பது இடத்தை, கிராம் அளப்பது எடையை. ஒரே கப்பில் தண்ணீர் ஊற்றினால் 240 கிராம், தேன் ஊற்றினால் ஏறக்குறைய 340, சர்க்கரை நிரப்பினால் 200, மைதா என்றால் 120 முதல் 125, ஓட்ஸ் 90, கோகோ பவுடர் 85. தேனுக்கும் கோகோவுக்கும் நடுவே நான்கு மடங்கு வித்தியாசம், கப் என்னவோ அதே கப்தான்.

அதனால் கேள்வியையே கொஞ்சம் நீட்டிக் கேட்க வேண்டும்: எந்தப் பொருள், எந்தக் கப், எப்படி நிரப்பியது? இந்த மூன்றும் தெரிந்தால் கிராம் சொல்லிவிடலாம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றைப் பற்றியவையே.

2. தண்ணிக்கு மட்டும் மில்லியும் கிராமும் ஒண்ணாவே வருதே, அது எப்படி?

கிராம் என்ற அலகையே தண்ணீரை வைத்துத்தான் வரையறுத்தார்கள். 1795-இல் பிரான்சில் மெட்ரிக் முறை சட்டமானபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம் என்று வைத்தார்கள். கன சென்டிமீட்டரும் மில்லிலிட்டரும் ஒன்றுதான். இன்று வரையறை மாறிவிட்டாலும் சமையலறைக்கு அந்தச் சமன் அப்படியே பொருந்தும்.

சூடாக்கினால் தண்ணீர் விரியும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் 997 கிராம், கொதிநிலையில் 958 கிராம். கொதிக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஒரு லிட்டர் பிடித்தால் 40 கிராமுக்கு மேல் குறையும். ரொட்டி மாவு பிசைபவர்கள் தண்ணீரை ஆறிய நிலையில் அளப்பது நல்லது, அல்லது எடை போட்டுவிடலாம்.

3. பால், எண்ணெய், தேன் எல்லாம் திரவம்தானே, தண்ணி கணக்கே போட்டுக்கலாமா?

பாலுக்குப் போடலாம். பாலின் அடர்த்தி 1.03, அதாவது ஒரு கப் 247 கிராம். அந்த 7 கிராமால் எதுவும் கெடாது. எண்ணெயின் அடர்த்தி 0.92, ஒரு கப் 220 கிராம்தான். தேன் 1.42. அங்கே தண்ணீர்க் கணக்குப் போட்டால் 100 கிராம் தவறும்.

சூத்திரம் சுலபம்: மில்லியை அடர்த்தியால் பெருக்கினால் கிராம், கிராமை அடர்த்தியால் வகுத்தால் மில்லி. எண் மறந்துபோனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், அதனால் அதன் எடை தண்ணீரைவிடக் குறைவு. தேன் அடியில் போய் உட்காரும், அதனால் கூடுதல்.

4. கப் 200 மில்லியா, 240 மில்லியா, 250 மில்லியா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எல்லோரும் சொல்வது சரி, நாடுதான் வேறு. அமெரிக்கக் கப் 236.6 மில்லி. அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்து விவரத்துக்கு அதையே 240 என்று முழுமையாக்கி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் மெட்ரிக் கப், 250 மில்லி. ஜப்பானில் 200. அரிசி குக்கரோடு வரும் குட்டிக் கப் 180 மில்லி. அதை வழக்கமான கப் என்று நினைத்து அளந்துவிட்டு, தண்ணீரை மட்டும் பெரிய கப்பில் ஊற்றிக் குழைய விட்டவர்கள் நிறையப் பேர்.

“எல்லாத்தையும் ஒரே கப்பில் அளந்தால் விகிதம் மாறாதே” என்பார்கள். பாதி உண்மை. மாவும் சர்க்கரையும் பாலும் கப்போடு சேர்ந்து கூடும், குறையும். முட்டை கூடாது. ஸ்பூனில் போடும் பேக்கிங் பவுடர் கூடாது. கேக் டின்னின் அளவும் மாறாது. 240-க்கும் 250-க்கும் 4 சதவீதம்தான் வித்தியாசம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 200-க்கும் 250-க்கும் கால் பங்கு வித்தியாசம், அங்கே முட்டையின் விகிதம் நன்றாகவே தடம் மாறும். எனவே குறிப்பு எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பாருங்கள்.

5. டேபிள்ஸ்பூன்னா சாப்பிடுற ஸ்பூன்தானே?

இல்லை. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி, பதினாறு டேபிள்ஸ்பூன் ஒரு கப். ஆஸ்திரேலியக் குறிப்புகளில் டேபிள்ஸ்பூன் 20 மில்லி. சாப்பிடும் ஸ்பூன்கள் அழகுக்காகச் செய்தவை, இரண்டு வீட்டு ஸ்பூன்கள் ஒரே அளவில் இருக்காது. உங்களுடையது எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய, பத்து ஸ்பூன் தண்ணீரைத் தராசில் ஊற்றிப் பத்தால் வகுத்துப் பாருங்கள்.

6. மைதா ஒரு கப் 120 கிராம்னு ஒரு இடத்துல, 150-ன்னு இன்னொரு இடத்துல. எதை நம்புறது?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். இரண்டு எண்ணுமே தராசில் பார்த்து எழுதியவையாகத்தான் இருக்கும். மாவு காற்றோடு சேர்ந்து கிடக்கும் பொருள். எவ்வளவு காற்று உள்ளே மாட்டியிருக்கிறது என்பதை நம் கை தீர்மானிக்கிறது. சலித்த மாவைக் கப்பில் விழவிட்டால் 100 முதல் 115 கிராம். டப்பாவில் கிளறிவிட்டு, ஸ்பூனால் அள்ளிக் கப்பில் போட்டு, தலைதட்டினால் 120 முதல் 125. கப்பையே டப்பாவுக்குள் விட்டு வாரி எடுத்தால் 140 முதல் 150. நிரப்பிய பிறகு மேடையில் நாலு தட்டுத் தட்டினால் அதற்கும் மேலே போகும்.

இரண்டு கப் மாவு கேட்கும் கேக்கில் இது 240-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம். அறுபது கிராம் என்றால் அரைக் கப் மாவு கூடுதலாக விழுந்திருக்கிறது. என் கேக்குகள் மாதக்கணக்கில் வறண்டு, மேலே வெடித்து வந்தன. அடுப்பின் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். ஒருநாள் வழக்கம்போல வாரி எடுத்த கப்பைத் தராசில் வைத்தேன், 152 கிராம் காட்டியது. அன்றிலிருந்து அடுப்பைக் குறை சொல்வதை விட்டுவிட்டேன்.

எழுதியவர் “என் கப் இத்தனை கிராம்” என்று சொல்லியிருந்தால் அதையே எடுங்கள். சொல்லாவிட்டால் 125-இல் தொடங்குங்கள். மாவு தளர்வாக இருந்தால் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம், இறுகிப்போனதைச் சரிசெய்வது கடினம்.

7. அப்போ சர்க்கரையும் ஒவ்வொரு தடவையும் மாறுமா?

அவ்வளவாக மாறாது. படிகச் சர்க்கரை மணல் மாதிரி சரிந்து தானாகவே அடைந்துகொள்ளும். யார் அள்ளினாலும் கப்புக்கு 195 முதல் 205-க்குள் வரும். ஆனால் அதற்குள்ளும் காற்று உண்டு. சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி 1.59, இடைவெளியே இல்லாமல் நிரம்பினால் ஒரு கப் 380 கிராம் இருக்க வேண்டும். 200-தான் இருக்கிறது என்றால் கப்பில் கிட்டத்தட்டப் பாதி வெறும் இடைவெளி.

பொடித்தால் இன்னும் நெருங்கி உட்காரும் என்று தோன்றும். நேர்மாறாக நடக்கிறது. நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சரியாமல், காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பொடித்த சர்க்கரை ஒரு கப் 115 முதல் 120 கிராம்தான். அதனால் படிகச் சர்க்கரைக்குப் பதில் பொடித்ததைப் போடும்போது கப்புக்குக் கப் மாற்றாதீர்கள், கிராமுக்குக் கிராம் மாற்றுங்கள். ஈரப்பதமுள்ள பழுப்புச் சர்க்கரை மட்டும் விதிவிலக்கு: அதைக் கப்பில் அமுக்கி அளப்பதுதான் வழக்கம், 210 முதல் 220 கிராம் வரும்.

8. உப்பு ஒரு டீஸ்பூன்னா எல்லா உப்புக்கும் ஒண்ணுதானே?

இங்கே தயவுசெய்து கவனமாக இருங்கள். நைசான தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். தட்டை தட்டையாக, லேசாக இருக்கும் செதில் உப்பு அதே டீஸ்பூனில் 3 கிராம்கூட இருக்கலாம். செதில் உப்பை நினைத்து எழுதிய குறிப்பில் தூள் உப்பை அதே ஸ்பூன் கணக்கில் போட்டால் உப்பு இரட்டிப்பாகும். கிராமில் இரண்டும் சமம், ஒரே உவர்ப்புத்தான்.

குழம்பில் ருசி பார்த்துச் சேர்க்கலாம். ரொட்டி மாவிலும் உப்பில் ஊறவைக்கும் காய்களிலும் அந்த வசதி இல்லை, அங்கே எடைதான். ரொட்டிக்கு மாவின் எடையில் 2 சதவீதம் வழக்கமான கணக்கு: 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பு.

9. தலைதட்டி அளக்கணுமா, குவிச்சு அளக்கணுமா?

குறிப்பில் “குவித்து” என்று இல்லாவிட்டால் தலைதட்டித்தான். கத்தியின் நேரான முதுகால் ஒரே இழுப்பாக வழித்துவிடுங்கள். குவித்த ஸ்பூனில் ஒன்றரை மடங்கும் பிடிக்கும், இரண்டு மடங்கும் பிடிக்கும், கையைப் பொறுத்தது. பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட தன் நூலில் தலைதட்டிய கப்பையும் ஸ்பூனையுமே வலியுறுத்தினார். அதற்கு முன்னால் “முட்டையளவு வெண்ணெய்”, “தேநீர்க் கோப்பை மாவு” என்றெல்லாம் எழுதிவந்தார்கள். திரவம் என்றால் குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பாருங்கள். மேலிருந்து எட்டிப் பார்த்தால் தவறும்.

10. கட்டி வெண்ணெயைக் கப்ல எப்படி அளக்கிறது?

ஒரு கப் 227 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் 14 கிராம். பொட்டலத்தில் எடை போட்டிருப்பதால் கத்தியால் பங்கு போட்டுவிடுவதே எளிது. அமெரிக்கக் குறிப்பில் “ஒரு குச்சி வெண்ணெய்” என்று வந்தால் அது அரைக் கப், 113 கிராம்.

தராசு இல்லை, பொட்டலமும் பிரித்தாகிவிட்டது என்றால், அளவுக் குவளையில் ஒரு கப் தண்ணீர் பிடித்து வெண்ணெய்த் துண்டுகளைப் போடுங்கள். அவை முழுதும் அமிழும்படி ஸ்பூனால் அழுத்தியபடி, தண்ணீர் ஒன்றரைக் கப் கோட்டுக்கு ஏறும்வரை சேர்த்தால் உள்ளே இருப்பது அரைக் கப் வெண்ணெய். தண்ணீரை வடித்துத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உருகினால் எடை மாறாது, எனவே உருக்கும் முன்பே நிறுத்துவிடலாம்.

11. அவுன்ஸ் எடையா, அளவா?

இரண்டும் உண்டு, குழப்பமே அதுதான். எடை அவுன்ஸ் 28.35 கிராம், பதினாறு சேர்ந்தால் ஒரு பவுண்டு. திரவ அவுன்ஸ் அமெரிக்காவில் 29.57 மில்லி, பிரிட்டனில் 28.41 மில்லி. தண்ணீருக்கும் பாலுக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதால் யாரும் கவனிப்பதில்லை. தேனில் மாட்டிக்கொள்வோம்: 8 திரவ அவுன்ஸ் தேன் ஏறக்குறைய 12 எடை அவுன்ஸ். சாக்லேட், வெண்ணெய், மாவு என்றால் பெரும்பாலும் எடை. பால், கிரீம் என்றால் திரவ அளவு.

பைன்ட் என்று வந்தால் இன்னும் கவனம். அமெரிக்க பைன்ட் 16 திரவ அவுன்ஸ், 473 மில்லி. பிரிட்டிஷ் பைன்ட் 20 திரவ அவுன்ஸ், 568 மில்லி.

12. என் தராசுல மில்லி பட்டனே இருக்கு. அதுல எண்ணெயை அளந்தா சரியா வருமா?

வராது. தராசுக்குத் தெரிந்தது எடை மட்டுமே. மில்லி பட்டனை அழுத்தினால் மேலே இருப்பது தண்ணீர் என்று வைத்துக்கொண்டு அதே எண்ணைக் காட்டும். சில தராசுகளில் பாலுக்கு இன்னொரு பட்டன் இருக்கும். எண்ணெய் ஊற்றி “100 மில்லி” என்று காட்டினால் அது 100 கிராம் எண்ணெய், உண்மையில் 109 மில்லி. அந்தப் பட்டனை மறந்துவிட்டு, 3-ஆம் பதிலின் சூத்திரத்தைப் போட்டுக் கிராமிலேயே அளந்துவிடுங்கள்.

13. ஈஸ்ட், சோடா மாதிரி கொஞ்சூண்டு போடுறதையும் தராசுலயே எடுக்கலாமா?

ஒரு கிராம் நுணுக்கமுள்ள சமையலறைத் தராசில் வேண்டாம். அது 3 என்று காட்டும்போது உள்ளே இரண்டரையும் இருக்கலாம், மூன்றரையும் இருக்கலாம். ஈஸ்டில் அது பெரிய வித்தியாசம். இங்கே தலைதட்டிய டீஸ்பூனே நம்பகமானது: உலர் ஈஸ்ட் 3 கிராம், பேக்கிங் பவுடர் 4 முதல் 5, சமையல் சோடா 5 முதல் 6. எடைதான் உயர்ந்தது என்று நான் எங்கும் சொல்வதாக நினைக்க வேண்டாம், அளவு சிறுத்தால் ஸ்பூன் ஜெயிக்கும்.

இன்னொன்றும் நடக்கும். பூஜ்யத்தில் நிற்கும் தராசில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே இருந்தால், பல தராசுகள் அந்தச் சின்ன மாற்றங்களைத் தட்டின் அசைவு என்று எடுத்துக்கொண்டு பூஜ்யத்திலேயே நிற்கும். “இவ்வளவு போட்டும் ஏறலையே” என்று இன்னும் போடுவோம். கிண்ணத்தின் எடையைப் பூஜ்யமாக்காமல், காட்டும் எண்ணிலிருந்து மேலே கணக்குப் பார்த்தால் இந்த ஏமாற்றம் வராது. அடிக்கடி ரொட்டி செய்பவர்கள் 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

14. “நறுக்கிய வால்நட் 1 கப்”, “வால்நட் 1 கப், நறுக்கியது”. ரெண்டும் ஒண்ணுதானே?

அல்ல. முதலாவதில் நறுக்கிவிட்டு அளக்கிறோம், இரண்டாவதில் அளந்துவிட்டு நறுக்குகிறோம். முழுசாகப் போட்டால் கப்பில் சந்து நிறைய, நறுக்கினால் துண்டுகள் அந்தச் சந்துகளில் போய் உட்காரும், எடை கூடும். “சலித்த மாவு” என்பதற்கும் “மாவு, சலித்தது” என்பதற்கும் இதே நியாயம். 6-ஆம் பதிலின் எண்களைப் பார்த்தால் எவ்வளவு மாறும் என்று புரியும். எழுதியவர் இந்த வரிசையைக் கவனித்து எழுதினாரா என்பது வேறு விஷயம்.

கீரை, புதினா போன்ற இலைகளைக் கப்பில் சொல்வதை நான் நம்புவதே இல்லை. அமுக்கினால் எவ்வளவும் உள்ளே போகும். அரிசியில், சமைத்ததா சமைக்காததா என்று பாருங்கள்: சமைக்காத ஒரு கப், ஏறக்குறைய 190 கிராம், வெந்தால் மூன்று கப் ஆகும்.

15. குறிப்பு முழுக்க கிராம்ல இருக்கு, என்கிட்ட தராசே இல்லை. என்ன செய்ய?

கிராமை, அந்தப் பொருளின் ஒரு கப் எடையால் வகுங்கள். 300 கிராம் மைதா என்றால் 300-ஐ 125-ஆல் வகுக்க 2.4 கப். 0.4 கப்பை எப்படி அளப்பது? பதினாறால் பெருக்குங்கள், 6.4 வரும். ஆக 2 கப், அதன்மேல் 6 டேபிள்ஸ்பூன் கொஞ்சம் தாராளமாக. 125 என்ற எண்ணை எடுத்திருப்பதால் மாவையும் அந்த முறையிலேயே, ஸ்பூனால் அள்ளிப் போட்டு அளக்க வேண்டும். வாரி எடுத்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் பயனில்லை.

16. பாதி அளவு செய்யணும், ஆனா குறிப்புல முட்டை ஒண்ணுதான். பாதி முட்டையை எப்படிப் போடுறது?

உடைத்து, நுரைக்காமல் நன்றாகக் கலக்கி, எடை போட்டுப் பாதியை எடுங்கள். ஓடு நீங்கிய பெரிய முட்டை ஏறக்குறைய 50 கிராம், அதில் வெள்ளை 30-ஐ ஒட்டி, மஞ்சள் 18-ஐ ஒட்டி. முட்டைகள் சிறியதும் பெரியதுமாக இருப்பதால், கேக்கில் மூன்று நான்கு முட்டை போகிறதென்றால் எண்ணிக்கையைவிட மொத்த எடையைப் பார்ப்பது நல்லது.

17. ஒரே குறிப்புல கப்பும் கிராமும் போட்டிருக்கு, ஆனா ரெண்டும் ஒத்துப்போகலை. எதைப் பின்பற்றுறது?

முதலில், அந்தக் கிராம்கள் எங்கிருந்து வந்தன என்று துப்பறியுங்கள். “மைதா 2 கப், 290 கிராம்” என்று இருந்தால் எழுதியவர் வாரி எடுக்கும் வழக்கமுள்ளவர், நிறுத்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். கிராமைப் பின்பற்றுங்கள்.

மைதாவும் 1 கப் 240 கிராம், சர்க்கரையும் 1 கப் 240 கிராம், கோகோவும் அப்படியே என்று இருந்தால், யாரோ மில்லியை அப்படியே கிராம் என்று எழுதிவிட்டார்கள். எல்லாப் பொருளையும் தண்ணீராக்கிவிட்ட கணக்கு அது. அங்கே கிராமை விட்டுவிட்டுக் கப்பையே நம்புங்கள். மாவும் சர்க்கரையும் ஒரே கிராமில் நிற்கிறதா என்று பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

18. பேசாம எல்லாத்துக்கும் ஒரு அட்டவணை கொடுத்துடுங்களேன்?

மேலே உள்ள எண்களை எடுத்து எழுதிக்கொள்ளலாம், ஆனால் அவை என் கப்புக்கும் என் கைக்கும் நெருக்கமானவை. உங்கள் அட்டவணையை ஒரு மதியத்தில் நீங்களே செய்துவிடலாம். முதலில் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் மில்லி. கப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பிறகு கப்பைத் துடைத்துக் காயவைத்து, அடிக்கடி பயன்படுத்தும் பொருள்களை ஒவ்வொன்றாக, வழக்கமாக அள்ளும் விதத்திலேயே மூன்று முறை நிரப்பி நிறுத்துச் சராசரி எடுங்கள். மூன்று எண்ணும் நெருங்கி வந்தால் அந்தப் பொருளைக் கப்பிலேயே நம்பி அளக்கலாம். விலகி விலகி வந்தால் அதற்கு இனிமேல் தராசு.

19. ஐம்பது பேருக்குச் செய்யணும். கப்பை அப்படியே பத்தால பெருக்கிட்டா போதுமா?

பெருக்கும் முன்பே கிராமுக்கு மாற்றிவிடுங்கள். இருபது கப் மாவை எண்ணி அள்ளும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போய்விடும், பதினாறா பதினேழா என்று நிற்போம். கை களைத்ததும் அள்ளும் விதமும் மாறும். இரண்டு கப்பை 250 கிராம் என்று மாற்றிப் பத்தால் பெருக்கினால் இரண்டரை கிலோ, ஒரே தடவை நிறுத்தால் முடிந்தது. 13-இல் ஸ்பூனுக்கு விட்ட ஈஸ்டும் சோடாவும்கூட இந்த அளவில் 30, 50 கிராம் ஆகிவிடும், அப்போது சாதாரணத் தராசே போதும். முதல் தடவை மட்டும், பெருக்குவதற்கு முன் கிராம் கணக்கில் சிறிய அளவு ஒன்று செய்து ருசி பார்த்துவிடுங்கள். மாற்றும்போது எங்காவது தவறியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.